இடுப்புச் சுற்றும் இல்லற நலமும்

 

இம்மாதம் நாம் பேசப் போகும் விடயம் சிலருக்குக் கூச்சத்தைத் தரலாம். இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் போன பின்னர், “மௌலவி, ஒரு தனிப்பட்ட விசயம்” என்று தொடங்கி, பாதியிலேயே பேச்சை மாற்றிக்கொண்டு போகும் சகோதரர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பது உண்மை. ஆனால் அறிந்துகொள்ள வேண்டியதைக் கேட்பதற்கு வெட்கம் தடையாக இருக்கக் கூடாது. உம்மு சுலைம் (ரழி) அவர்கள் பெண்களுக்குரிய ஓர் அந்தரங்கமான சட்டத்தை நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். நபியவர்களும் தெளிவாகப் பதில் சொன்னார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். பெண்கள் கேட்டதை ஆண்கள் கேட்கத் தயங்குவானேன்?

ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஒரு ஹோர்மோன் உண்டு. 1935ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்து இனங்கண்டார்கள். மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி கட்டளையிட, விதைகள் இதைச் சுரக்கின்றன. தாடி முளைப்பதும், குரல் தடிப்பதும், தசை வலுப்பதும், இல்லற நாட்டமும், சந்தான விருத்தியும் இதனோடு தொடர்புபட்டவை. இது குறைந்தால் நாட்டம் குறையும், உடல் சோரும், தசை இளைக்கும், மனம் வாடும். இவற்றையெல்லாம் “வயசாகிவிட்டது” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

வயது ஒரு காரணம்தான். நடுத்தர வயதிலிருந்து இது வருடத்துக்கு ஏறக்குறைய 1 வீதம் குறைந்து செல்வதாக வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அதைவிட வேகமாக இதைக் குறைக்கும் ஒன்று நம் இடுப்பிலேயே இருக்கிறது. அதுதான் தொப்பை.

கடையின் காசுப் பெட்டிக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரரை நினைத்துப் பாருங்கள். வயது 42. பத்து மணிக்குச் சீனி கூட்டிய பால் தேநீரும் மாலு பணிசும். பகலுக்குச் சோறு. பின்னேரம் ரோல்ஸ். கடை பூட்டி வந்து இரவு 10 மணிக்குக் கொத்து ரொட்டி. பள்ளிவாசல் 300 மீற்றர் தூரத்தில் இருந்தாலும் மோட்டார் சைக்கிளில்தான் பயணம். பத்து வருடத்தில் 15 கிலோ கூடிவிடுகிறது. “முதலாளிக் களை வந்துவிட்டது” என்று ஊர் சொல்கிறது. உள்ளே நடப்பதை ஊர் அறியாது.

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சுமையல்ல. கொழுப்பு இழையத்தில் உள்ள ஒரு நொதியம் ஆண் ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக் கூட இந்த மாற்றமும் கூடுகிறது. இரத்தத்தில் இன்சுலின் பெருகும்போது, டெஸ்டோஸ்டெரோனைச் சுமந்து செல்லும் புரதத்தை ஈரல் குறைவாக உற்பத்தி செய்கிறது. உடல் மிகவும் பருத்தால் கபச்சுரப்பியின் கட்டளையும் தளர்கிறது. ஹோர்மோன் குறைந்தால் தசை குறைந்து கொழுப்பு இன்னும் ஏறும். கொழுப்பு ஏறினால் ஹோர்மோன் இன்னும் குறையும். செக்குமாடு சுற்றுவது போல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சுற்றை மறுபக்கமாகவும் திருப்ப முடியும். ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையான ஆண்களை நான்கு வருடங்களுக்கு மேலாக அவதானித்த ஆய்வொன்றின் முடிவு 2013இல் வெளிவந்தது. எடை கூடியவர்களுக்கு ஹோர்மோன் குறைந்தது. நன்கு எடை குறைந்தவர்களுக்கு அது கூடியது. அதே வருடம் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உணவுக் கட்டுப்பாட்டினால் எடை குறைத்தவர்களுக்கு டெசிலீட்டருக்குச் சுமார் 80 நானோகிராமும், சத்திரசிகிச்சையினால் மிக அதிகமாக எடை குறைத்தவர்களுக்குச் சுமார் 250 நானோகிராமும் உயர்ந்ததைக் கண்டார்கள். இளம் ஆண்களுக்கு ஏறக்குறைய 300 முதல் 900 வரை இருப்பது வழமை. அப்படியானால் இந்த உயர்வு சிறியதல்ல. ஆனால் இரண்டு கிலோ குறைத்துவிட்டு அற்புதத்தை எதிர்பார்க்கக் கூடாது. 90 கிலோ உள்ளவர் 9 கிலோவாவது குறைக்க நிய்யத் வைக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நாளை முதல் பட்டினி கிடக்கவும் வேண்டாம். அளவு மீறிப் பட்டினி கிடந்தாலும் கபச்சுரப்பி கட்டளையை நிறுத்திவிடும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் தாமாக முன்வந்து அரைப் பட்டினி இருந்தார்கள். உடல் மெலிந்ததோடு அவர்களின் இல்லற நாட்டமும் அற்றுப்போனது. பெருந்தீனியும் கூடாது, பெரும்பட்டினியும் கூடாது. நடுநிலையான உம்மத்துக்கு நடுநிலையான வழியே பொருந்தும்.

அந்த வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டியிருக்கிறார்கள். வயிற்றில் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்ற கருத்திலான ஹதீஸ் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வயிற்றின் ஆசையையும் இல்லற ஆசையையும் அடக்குவது பற்றி ஒரே பாகத்தில் எழுதினார்கள். வயிறு நிறைந்தால் அந்த ஆசை கிளரும் என்பது அவர்களின் எச்சரிக்கை. வருடக்கணக்கில் வயிற்றை நிறைத்தால் ஆசையும் ஆற்றலும் அடங்கிவிடும் என்பதை இன்றைய வைத்தியம் அதனோடு சேர்க்கிறது.

நமது விருந்துகளைப் பாருங்கள். சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வது அழகான சுன்னத்தான பழக்கம். ஆனால் சஹனில் மீதம் வைக்கக் கூடாதென்று வயிற்றில் திணிப்பது சுன்னத்தல்ல. ஆரம்பத்திலேயே அளவாக வைக்கச் சொல்வதே முறை. வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு நிறுத்தலாம். ரமழானில் பகலெல்லாம் பசித்திருந்து, இப்தாருக்குச் சமூசாவும் கட்லட்டும் சர்பத்துமாக நிரப்பினால், நோன்பு முடியும்போது எடை கூடியே இருக்கும்.

அடுத்தது அசைவு. நபியவர்கள் தமது மனைவி ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் முறை அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னொரு முறை, அன்னையவர்களின் உடல் சற்றுப் பருத்திருந்த வேளையில், நபியவர்கள் முந்தினார்கள். நாம் மனைவியோடு ஓட வேண்டாம், நடக்கவாவது செய்யலாமே! தினமும் 30 நிமிட வேக நடையும், வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் போதுமான தொடக்கம்.

மூன்றாவது உறக்கம். இந்த ஹோர்மோன் பெரும்பாலும் உறக்கத்தில் ஊறுகிறது. 2011இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 10 ஆரோக்கியமான வாலிபர்களை எட்டு இரவுகள் 5 மணித்தியாலத்துக்கு மேல் உறங்க விடாமல் வைத்துப் பார்த்தபோது, பகல்நேர அளவு 10 முதல் 15 வீதம் வரை குறைந்தது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபியவர்கள் வெறுத்தார்கள். நள்ளிரவு வரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவர்கள் வைத்தியரைக் காண வேண்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. வெட்கத்தை முதலீடாக்கி வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். “மூலிகை” என்ற பெயரில் விற்கப்படும் வீரிய மருந்துகள் சிலவற்றில் அறிவிக்கப்படாத ஆங்கில மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டுள்ளது. நெஞ்சு நோவுக்கு நைத்திரேற்று மாத்திரை எடுப்பவர் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடற்பயிற்சி நிலையங்களில் இரகசியமாகக் கைமாறும் ஹோர்மோன் ஊசியும் அப்படித்தான். வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால் விதைகள் தம் வேலையை நிறுத்தும். விந்தணு உற்பத்தி அற்றுப்போகலாம். அது மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பிள்ளைக்காக ஏங்குபவர் பிள்ளைக்கான வழியையே அடைத்துக்கொள்கிறார்! நோயென்று உறுதியானவர்களுக்கு வைத்தியர் தரும் சிகிச்சை வேறு. சுயமாக எடுப்பது வேறு.

சந்தேகம் உள்ளவர்கள் காலையில், வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காலையில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். ஒரு முறை குறைந்தால் இன்னொரு நாளும் பார்த்தே முடிவெடுப்பார்கள். கூடவே சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், இரத்த அழுத்தம் என்பவற்றையும் பாருங்கள். இல்லற ஆற்றல் குறைவது, பல வேளைகளில் இரத்தக் குழாய்கள் அடைபடத் தொடங்கியிருப்பதன் அறிகுறி. அதை மறைத்தவர், மாரடைப்புக்கு வந்த முன்னறிவித்தலை மறைத்தவராகிவிடக்கூடும். நம் இனத்தவருக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை. புகைத்தலும் இதே குழாய்களைத்தான் பாழாக்குகிறது.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தாமதமானால் மருமகளைக் குறை சொல்வதும், மகனுக்கு மறுமணம் பேசுவதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேரில் கணவன் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. மகனுடைய பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பிறர் வீட்டுப் பிள்ளையின் கண்ணீருக்குக் காரணமாவது அநியாயம். அநியாயம் செய்யப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை என்பதை நாம் அறிவோம்.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று அல்லாஹ் கூறுகிறான். ஆடை குறையை மறைக்கும். நோயை மறைக்கச் சொல்லவில்லை. சகோதரரே, மனைவியிடம் மனம் விட்டுப் பேசுங்கள். சகோதரியே, கேலி செய்யாமல் கேளுங்கள்; இரவுச் சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து, ஒரு கறி மரக்கறியைக் கூட்டுங்கள். உடலும் ஓர் அமானிதம். மறுமையில் அதைப் பற்றியும் கேட்கப்படுவோம்.

அல்லாஹ் நம் உடல்களுக்கு ஆரோக்கியத்தையும், இல்லறங்களுக்கு அமைதியையும், கண்குளிர்ச்சியான சந்ததிகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.