தவணை தவறினால் தலை குனிய வேண்டியதில்லை

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் சம்பளம் கைக்கு வருகிறது. பத்தாம் தேதிக்குள் அது கையை விட்டுப் போய்விடுகிறது. மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய், தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நாள் முழுதும் நின்றபடியே துணி எடுத்துப் போடும் இளைஞன், அடையாற்றில் சித்தாள் வேலைக்குப் போகும் பெண் – யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தவணை கட்டியாச்சு, அரிசிக்குத்தான் காசில்லை." மில் தொழிலாளிக்கும், வயலில் நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கும் இது புதிய கதையல்ல.

கடனை அடைக்க ஓர் ஏற்பாடு செய்தோம். அந்த ஏற்பாடு நடக்கவில்லை. இனி என்ன செய்வது? இதுதான் இன்று லட்சோபலட்சம் உழைப்பாளி வீடுகளில் எழும் கேள்வி. ஆத்திரமோ அவமானமோ இதற்குப் பதில் சொல்லாது. கணக்குத்தான் பதில் சொல்லும்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுவோம். கணவன், மனைவி இருவர் உழைப்பிலும் மாதம் 22,000 ரூபாய் வருகிறது. இரண்டு குழுக் கடன்களுக்குத் தவணை 5,000. தண்டல்காரருக்கு நாளைக்கு 100 வீதம் 3,000. பத்து வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு வட்டி மட்டும் 2,000. ஆக 10,000 போயிற்று. வீட்டு வாடகை 6,000. மிச்சம் 6,000. நான்கு பேர் சாப்பாடு, பஸ், பள்ளிக்கூடம், மருந்து எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு 200 ரூபாய்! இந்தக் குடும்பம் இருபதாம் தேதி மறுபடியும் கடன் வாங்காமல் என்ன செய்யும்? ஊதாரித்தனத்தால் வந்த கடனா இது? கூலி பற்றாததால் வந்த கடன்.

தண்டலின் சூட்சுமத்தையும் பாருங்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு, 1,500 பிடித்துக்கொண்டு, 8,500 கையில் கொடுக்கிறார்கள். நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "வெறும் 1,500 தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதல்லவா? அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 120 ரூபாய் வட்டி ஆகிறது. அதாவது தண்டலும் பத்து வட்டிதான். சட்டை மட்டும் வேறு.

ரிசர்வ் வங்கி 2022இல் குழுக் கடன்களுக்கு விதி வகுத்தது. ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது அது. நாம் சொன்ன குடும்பம் பாதியைத் தொடவே இல்லை. அதற்குள்ளேயே அடுப்பு அணைகிறது. தண்டல் கடன் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழைக்குப் பாதி வருமானம் உபரி என்று எண்ணுகிறவர்கள் ஏழை வீட்டுச் சமையலறையைப் பார்த்ததில்லை.

சரி, வழிகள் என்ன?

முதல் வழி, கடன் வாங்கிக் கடன் அடைப்பது. பெரும்பாலும் இது படுகுழி. ஆனால் ஒரு நிலையில் மட்டும் பயன் தரும்: புதிய வட்டி பழையதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும், பழைய கடன் முழுதும் அன்றே தீர வேண்டும். 20,000 ரூபாய்க்குப் பத்து வட்டி ஆண்டுக்கு 24,000. அதே தொகையைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகை வைத்து நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டியில் வாங்கினால் ஆண்டுக்கு 2,000தான். மூக்குத்தியும் கம்மலும் இருந்தால் அவை போக வேண்டிய இடம் அதுதான். வட்டி கட்டிக் கட்டி நகையை மூழ்க விடுவதைவிட, விற்றுக் கடனை ஒழிப்பது மேலாகும் சந்தர்ப்பமும் உண்டு.

இரண்டாவது வழி, தவணையைக் குறைக்கக் கேட்பது. காலம் நீளும், மொத்த வட்டி ஏறும். ஆனால் அரிசிக்குக் காசு மிஞ்சும். வாய்ப் பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

மூன்றாவது வழி, ஒரு தொகை பேசி ஒரேயடியாகத் தீர்ப்பது. இதில் கடன் ஒழியும். ஆனால் முழுதும் கட்டவில்லை என்ற குறிப்பு ஏட்டில் நிற்கும். பின்னால் வங்கிக் கடன் கிடைப்பது கடினமாகும். கடன் தீர்ந்தது என்ற கடிதமில்லாமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

நான்காவது வழி, கோர்ட். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. கடனாளி தான் தர வேண்டிய பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனுப் போடவும் அதில் இடமுண்டு.

ஐந்தாவது வழி, நம் ஊரில் மஞ்சள் கடுதாசி என்பார்களே, அது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. மனு உயர்நீதிமன்றத்தில் போட வேண்டும். செலவும் அலைச்சலும் அதிகம். சொத்து ஒன்றுமில்லாத கூலிக்காரருக்கு இது கடைசி வழியாகத்தான் இருக்க முடியும்.

எந்த வழியில் போனாலும் வரிசை ஒன்றே: முதலில் அரிசியும் வாடகையும், பிறகு வட்டி அதிகமான கடன், அதன் பிறகு மற்றவை. எவன் அதிகம் கத்துகிறானோ அவனுக்கு முதலில் கட்டுவது பயத்தின் வரிசை. கணக்கின் வரிசை அல்ல.

பயம் எதற்கு? கூலியாளின் கூலியைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, பெண்ணின் கழுத்துத் தாலி – எதையும் தொட முடியாது. பணக் கடனுக்காக எந்தப் பெண்ணையும் சிறையில் வைக்க முடியாது. கையில் இல்லாத ஏழையை, இல்லாமைக்காகவே சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், 1957இல் இ.எம்.எஸ். மந்திரிசபையில் இருந்த நீதிபதி கிருஷ்ணய்யர். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ குழுக் கடனுக்காக அழைத்துத் தொல்லை செய்வதும், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் நச்சரிப்பதும் ரிசர்வ் வங்கி விதிப்படி தவறு. 2025இல் பலவந்த வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

ஆனால் ஏட்டுச் சட்டம் தானாக நடந்து வந்து நம் கதவைத் தட்டாது. 2017 அக்டோபர் 23 அன்று, கந்து வட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலிலேயே தீக்குளித்தது. தாயும் தந்தையும் இரண்டு பச்சிளங் குழந்தைகளும் மாண்டனர். வாங்கியதைவிட அதிகமாகக் கட்டியிருந்தார்கள். திரும்பத் திரும்ப மனுவும் கொடுத்திருந்தார்கள். சட்டம் அப்போதே பதினான்கு வயது ஆகியிருந்தது! இல்லாதது என்ன? அந்த மனுவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நூறு பேர்.

சரித்திரம் சொல்வதும் இதைத்தான். 1938இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இரு மடங்கு கட்டியவனுக்குக் கடன் முழுதும் தீர்ந்தது என்றது. நல்ல விதி. ஆனால் யாருக்கு? நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்கு. நிலமற்ற கூலிக்கு அதில் இடமில்லை. கேட்கக் குரல் இல்லாதவனுக்குச் சட்டத்திலும் இடமில்லை.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவராக வந்த பி.பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். தனித் தனியாக முறையிட்டபோது கேளாத காது, சேர்ந்து நின்றபோது கேட்டது. கூலிக்குச் சேர்ந்து பேரம் பேசலாம் என்றால் தவணைக்கு ஏன் பேசக் கூடாது?

குழுக் கடன் ஒரு தந்திரம் செய்கிறது. ஒருத்தி கட்ட முடியாவிட்டால் மற்ற ஒன்பது பேரை அவள் வாசலுக்கு அனுப்புகிறது. அக்காவைத் தங்கைக்கு வசூல்காரி ஆக்குகிறது. அந்த ஒன்பது பேரும் அவள் பக்கம் நின்று, "பத்துப் பேருக்கும் தவணையைக் குறை, வட்டிக் கணக்கை எழுதிக் காட்டு" என்று கேட்டால் கதை மாறும். ஒவ்வொரு குப்பத்திலும் குடியிருப்பிலும் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கடன் கணக்குப் பார்க்க உட்காரட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவர் கூட இருக்கட்டும். அரசாங்கத்திடமும் கேட்போம்: கூட்டுறவுச் சங்கங்கள் நகையும் நிலமும் இல்லாத உழைப்பாளிக்கும் குறைந்த வட்டியில் கைக்கடன் கொடுக்கட்டும், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வயிறு நிறையும் கூலி நிர்ணயமாகட்டும்.

கடன் பட்டது குற்றமல்ல. தவணை தவறியது மானக்கேடும் அல்ல. தோழர்களே, கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழாதீர்கள். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கேயும் இதே கணக்குத்தான் இருக்கும்.