ஹேம்ஸ்டருக்கு எதற்கு ஷாம்பு?

குளித்தால்தான் சுத்தம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். காலையில் ஒருமுறை, வீடு திரும்பியதும் இன்னொரு முறை என இந்த வெயிலில் இரண்டு வேளை குளிப்பதும் நமக்கு இயல்பு. அதே கணக்கை வீட்டிலுள்ள செல்லப்பிராணிகளுக்கும் போட்டுவிடுகிறோம். அவற்றில் பலவற்றுக்குக் குளியலே தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

கைப்பேசியைத் திறந்தால், கைகழுவும் தொட்டியில் ஹேம்ஸ்டரை நுரை பொங்கத் தேய்த்துக் குளிப்பாட்டும் காணொளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. என் நண்பர்கள் சிலரும் அவற்றுக்கு இதயக்குறி போடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அது உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். ரோமம் நனைந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். குளிரூட்டிய அறையில் இன்னும் மோசம். ரோமத்தின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் ஷாம்பு எடுத்துவிடும். குளிரும் பயமும் சேர்ந்தால் அது நோயில் விழலாம், இறந்தும் போகலாம். இருபது விநாடிக் காணொளியில் அதற்குப் பிறகு நடப்பதை யாரும் காட்டுவதில்லை.

ஹேம்ஸ்டர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆழமில்லாத கிண்ணத்தில் அதற்கென விற்கும் மணலைப் போட்டு வைத்தால், தானே புரண்டு எழும். மணல்தான் வேண்டும், மாவு போன்ற தூள் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். நாற்றம் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் நனைந்த படுக்கையை மாற்றினாலே போய்விடும்.

முயலும் இதே கதைதான். நீரில் இறக்கினால் மிரண்டு பின்கால்களை உதறும். அந்த வேகத்திலேயே முதுகெலும்பு முறியக்கூடும். பின்புறம் அசுத்தமாக இருந்தால், ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உலர்த்துங்கள். அடிக்கடி அப்படி ஆனால் உணவோ பல்லோ உடல் எடையோ காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் பூனை உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தபிறகு, "வாரம் எத்தனை தடவை குளிப்பாட்டணும்?" என்று கேட்கும் நண்பர்கள் கூடிவிட்டார்கள். குட்டை ரோமப் பூனை என்றால் சீப்பால் வாரிவிட்டாலே பெரும்பாலும் போதும் என்பேன், நம்பமாட்டார்கள். எண்ணெய் ஏதாவது கொட்டிவிட்டால் குளிப்பாட்டத்தான் வேண்டும். அப்போதும் நாய்க்கு வாங்கிய உண்ணி ஷாம்புவைத் தொடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற மருந்தை நாய் தாங்கும்; பூனையை அது கொன்றுவிடலாம்.

நாய்க்குக் குளியல் தேவைதான். ஆனால் நம் ஷாம்பு கூடாது. நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. வெதுவெதுப்பான நீரில், காதுக்குள் நீர் போகாமல் குளிப்பாட்டுங்கள். தொட்டியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் வழுக்காமல் நிற்கும். அரைகுறையாகத் துவட்டினால் இந்த ஈரப்பதத்தில் அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் தங்கித் தோல் புண்ணாகலாம்.

சிவப்புக் காது ஆமையின் ஓட்டைத் தேய்க்கப் பழைய பல்துலக்கியும் வெறும் நீரும் போதும். சமையலறைத் தொட்டியில் மட்டும் வேண்டாம். ஆமையின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தேய்த்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டியது உங்கள் கைகளை.