தொண்டின் பெயரால்

தொண்டு என்னும் சொல்லைக் காட்டியே உழைப்பவன் சம்பளத்தை அறுக்க முடியும், அயர்லாந்தைப் பார்ப்போம். வலுவிழந்தோரைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு அங்கே அரசாங்கம் பணம் கொடுக்கின்றது. ஆனால் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்கீழ் அப்பணத்தைப் பெறும் நிறுவனத்தின் ஊழியர் அரசாங்கச் சம்பளத்துக்கு உரியவர். 39ஆம் பிரிவின்கீழ் பெறும் நிறுவனத்தவர் அல்லர். குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் இரு சாராருக்கும் ஒன்றே!

2008இன் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து மானியம் வெட்டுண்டபோது 39ஆம் பிரிவினர் பலரின் சம்பளமும் சேர்ந்தே வெட்டுண்டது. பின்னர் அரசாங்க ஊழியருக்கு இழந்தது மீண்டது. இவர்களோ தன் ஊழியர் அல்லர் என்று அரசாங்கம் கைவிரித்தது. வெட்டும்போது உறவினர், கொடுக்கும்போது அயலாரா? அன்புப் பணிக்குக் கூலி பேசலாமா என்று கேட்கும் கனவான்களை நாம் கேட்கின்றோம்: வீட்டு வாடகையை அன்பினாலா கட்டுவது?

2023 ஒக்டோபரில், காலவரையறையற்ற வேலைநிறுத்தம் விடிந்தால் தொடங்கும் என்ற நிலையிலேதான் 8 சதவீத உயர்வுக்கு அரசாங்கம் இணங்கியது. அதுவும் மூன்று தவணையில்.