யாருக்கு உகந்த நகரம்?

லண்டன் 'எக்கனாமிஸ்ட்' குழுமத்தார் ஆண்டுதோறும் உலக நகரங்களுக்கு மார்க் போடுகிறார்கள். 2023-ல் விலைவாசியில் முதலிடம் ஜூரிச்சோடு சிங்கப்பூருக்கு. வாழ உகந்ததில் முதலிடம் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கு. எதற்கு இந்த மார்க்? வெளிநாடு போகும் கம்பெனி அதிகாரிக்குப் படி நிர்ணயிக்க!

சிங்கப்பூர் போன நம் கட்டடத் தொழிலாளியை அந்தப் பட்டியலில் காணோம். அந்நாட்டுப் பிரஜைகளுக்கு 1960 முதல் சர்க்காரே வீடு கட்டித் தருகிறது. கட்டுகிற கைகளுக்கோ விடுதிக் கட்டில். ஒரே அறையில் பன்னிரண்டு பேர், அதற்கு மேலும். 2020-ல் கொரோனா அந்த விடுதிகளைத்தான் சூறையாடியது.

வியன்னா உயர்ந்தது யார் தயவால்? 1923-ல் சோஷலிஸ்ட் நகரசபை, சிறு வீட்டுக்குக் குறைவு, மாளிகைக்கு அதிகம் என்று வீட்டுவரி போட்டது. 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேல் தொழிலாளர் வீடுகள் எழுந்தன. பொறுக்குமா பாசிச சர்க்காருக்கு? 1934 பிப்ரவரியில் 'கார்ல் மார்க்ஸ்' குடியிருப்பைப் பீரங்கியால் சுட்டது. ஆனாலும் இன்று வியன்னா நகரசபைக்குச் சொந்தமான வீடுகள் சுமார் 2,20,000!

மில் தொழிலாளர்களே! வயலில் உழைக்கும் தோழர்களே! ஆரல்வாய்மொழிச் சூளையில் நாம் அறுக்கும் செங்கல்லில் யார் யாருக்கோ மாடி எழும்புகிறது. நமக்கு? கூலி உயர்வோடு வீட்டுமனைப் பட்டாவையும் சேர்த்தே கேட்போம்!