ஓடுற காலுக்கு ஒரு மைதானம்

2019 அக்டோபர். சீனாவின் வூகானில் உலக ராணுவ விளையாட்டுப் போட்டி. மாற்றுத்திறனாளிகளுக்கான 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் தங்கம் வாங்கினார் பக்கத்துக் கும்பகோணத்துக்காரர் ஆனந்தன் குணசேகரன். 2008இல் கண்ணிவெடியில் இடது காலைப் பறிகொடுத்த சிப்பாய். கால் போனதும் ராணுவத்தில். ஓடுகளம் கிடைத்ததும் ராணுவத்தில். அப்படியானால் ஊர் என்ன கொடுத்தது?

விடியலில் சிதம்பரம்–கடலூர் சாலையைப் பாருங்கள். சேரிப் புள்ளைங்க பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுறாங்க. மெடலுக்கில்ல, ராணுவ ஆளெடுப்புல வைக்கிற 1.6 கிலோமீட்டருக்கு. மைதானம் ஊர்ப்பக்கம் இருக்கு. கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் போக தினம் பஸ் காசு வேணும்.

மகார் சிப்பாய்களை வைத்துச் சண்டை ஜெயித்த வெள்ளையன், பிறகு ‘போர்ச்சாதி’ கணக்குப் பேசி அவர்களுக்கே கதவைச் சாத்தினான். சுபேதார் மகன் அம்பேத்கர் விடாமல் கேட்டார். 1941இல் மகார் ரெஜிமென்ட் வந்தது. இன்றைக்குக் கதவு திறந்திருக்கு. ஆனால் 2022 முதல் அக்னிவீர்: நாலு வருஷம்தான். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மீதிப்பேர் திரும்பி அதே ரோட்டுக்கா?

எல்லையில் நிற்க நம்ம காலைக் கேட்கிற அரசே, அந்தக் கால் ஓடச் சேரியோரப் புறம்போக்கில் ஒரு மைதானம் அளந்து விடு. தோழர்களே, அடுத்த கிராமசபையில் முதல் மனு இதுவாகட்டும்.