படுதாவைச் சுருட்டியவர்கள்

'கலையில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று நமக்கு வகுப்பெடுக்கிற பெரியவர்கள் செசில் பீட்டன் என்ற பேரைச் சொன்னால் உருகிப்போகிறார்கள். 'என்ன ஒளி, என்ன நளினம், அழகை மட்டுமே பார்த்த கண்ணு' என்கிறார்கள். சரி. அந்தக் கண்ணு யாருக்காகப் பார்த்தது என்று நாமும் கொஞ்சம் பார்ப்போம்.

1904-இல் லண்டனில் பிறந்தவர் பீட்டன். அப்பா மரவியாபாரி. காசு இருந்தது, பிரபு வம்சம் கிடையாது. வியாபாரி மகனுக்கு மேட்டுக்குடியின் கதவு தானாகத் திறக்காது. அவர் கண்டெடுத்த சாவிதான் கேமரா. வளர்த்த ஆயா படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். தங்கைகள் இருவரையும் நிறுத்திவைத்துப் பழகினார். செல்லோபேன் தாள், கண்ணாடி, பூ எல்லாம் பின்னால் கட்டி, முன்னால் சீமாட்டியை உட்காரவைத்தார். இடுப்பு பெருத்திருந்தால் நெகட்டிவிலேயே திருத்தி இளைக்கவைத்தார்கள். 'வோக்' பத்திரிகை தேடி வந்தது. பிறகு அரண்மனையே கூப்பிட்டது.

1953 ஜூன் 2, இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு நாள். பீட்டன் எடுத்த படத்தில் அரசி மகுடத்தோடு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். எடுத்தது பக்கிங்காம் அரண்மனைக்குள். பின்னால் தெரியும் தேவாலயம், துணியில் எழுதின படுதா!

எங்க டவுன் ஸ்டுடியோவிலும் ஒரு படுதா தொங்கும். அரண்மனைப் படிக்கட்டு, ரெண்டு பக்கமும் மயில். சின்னப்பிள்ளையில் அப்பா, அம்மா, தங்கச்சி, நான் நாலுபேரும் படம் எடுக்கப் போனோம். எங்களை இன்னாரென்று தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒன்றும் பேசாமல் படுதாவைச் சுருட்டி மேலே கட்டினார். காரை பெயர்ந்த சுவருக்கு முன்னால் நிறுத்தினார். "ஏன் சாமி, அது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா. "உங்களுக்கு இது போதும்ப்பா." துணியில் வரைந்த படிக்கட்டில்கூட நாங்கள் கால் வைக்கக்கூடாது.

பீட்டன் தன்னையறியாமல் நமக்குத் தருகிற பாடம் இதுதான்: மேன்மை ரத்தத்தில் ஊறுவதில்லை. பெயிண்டும் துணியும் லைட்டும் சேர்த்துக் கட்டுகிற ஜோடனை அது. அதனால்தான் அந்தத் துணியை இவ்வளவு காவல் காக்கிறார்கள்.

1930-இல் பீட்டன் 'அழகின் புத்தகம்' என்று சீமாட்டிகளின் படங்களை வெளியிட்டார். அதே ராஜாவின் ஆட்சியில், அதே 1930 டிசம்பரில், ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்குக் கட்டளை போட்டார்கள். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. நகை கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். இப்போது சொல்லுங்கள் பெரியவரே, துணியில் அரசியல் இல்லையா?

1938-இல் 'வோக்' இதழுக்கு வரைந்த ஒரு சித்திரத்தின் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பொடி எழுத்தில், யூதர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை எழுதியிருந்தார் பீட்டன். மாட்டிக்கொண்டார், வேலை போனது. ஆனால் 1939-லேயே இங்கிலாந்து ராணி தன்னைப் படமெடுக்க அவரை அழைத்தார். மேலே இருப்பவன் விழுந்தால் ஏந்திக்கொள்ள எத்தனை கைகள்!

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். 1940-இல் குண்டுவீச்சில் காயம்பட்டு, தலைக் கட்டோடு பொம்மையை அணைத்தபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுக் குழந்தையை அவர் எடுத்த படம் 'லைஃப்' இதழின் அட்டையில் வந்து அமெரிக்காவை உலுக்கியது. வலியைப் பார்க்கத் தெரியாத ஆள் இல்லை அவர். எந்த வலியைக் காட்டலாம் என்று தீர்மானித்தது அரசு.

1944-இல் அதே அரசின் தகவல் அமைச்சகம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. அதற்கு முந்தின வருஷம்தான் வங்கப் பஞ்சம். செத்தது 20 முதல் 30 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். நிலமில்லாக் கூலிகளும் மீன்பிடிக்கிற சனங்களுமே அதிகம் மாண்டார்கள். ஊர் ஊராக நடந்துபோய் அந்தச் சாவை வரைந்தார் சித்தபிரசாத். 1943-இல் அவர் வெளியிட்ட 'பசித்த வங்கம்' பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது பிரிட்டிஷ் அரசு. ஒருவருக்கு அரசாங்கப் பயணம், இன்னொருவரின் படைப்புக்கு நெருப்பு. இதற்குப் பேர்தான் அரசியல் கலக்காத கலை.

'மை ஃபேர் லேடி' படத்துக்காக அவருக்கு இரண்டு ஆஸ்கர். தெருவில் பூ விற்கிற பெண் பேச்சையும் உடுப்பையும் மாற்றிக்கொண்டு சீமாட்டியாகிற கதை. கந்தலையும் கவுனையும் வடிவமைத்தது ஒரே கை. அங்கே உடுப்பு மாறினால் ஆள் மாறலாம். இங்கே கோட்டு சூட்டு போட்டாலும் 'எந்தத் தெரு?' என்று கேட்பான். அம்பேத்கர் போட்ட கோட்டைப் பார்த்து இன்னமும் எரிகிற வயிறுகள் எத்தனை!

1972-இல் சர் பட்டம், 1980-இல் மரணம். அவர் எடுத்த யுத்தகாலப் படங்கள் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இருக்கட்டும். நம்ம சனங்களின் படங்கள் எங்கே?

எங்கள் வீட்டுப் படம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. படுதா சங்கதியைச் சொல்லி நான் பொருமும்போதெல்லாம் அம்மா சொல்லும்: "போறான் விடு. சுவருதான் நெசம். அது துணிதானே." தோழர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். இருக்கிற படத்தின் பின்னால் பேரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதிவையுங்கள். யார் படுதாவைச் சுருட்டினான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.