உதிர்ந்த ஸ்டட்டைத் திருப்பிப் பாருங்கள்

பெருமாநல்லூர் நால்ரோட்டிலிருந்து குன்னத்தூர் போகும் சாலையில், ஸ்டோன் ஒர்க் ஜாப் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட் ஒன்றுக்குப் போயிருந்தேன். செக்கிங் மேசையில் கருப்பு சிங்கிள் ஜெர்சி பீஸ்கள் குவிந்திருந்தன. நெஞ்சுப் பகுதியில் 3 மில்லிமீட்டர் அலுமினிய ஸ்டட்களால் ஒரு மயில். ஒரு பீஸில் தோகைக் கண் ஒன்றைக் காணோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா, இழுப்பறையிலிருந்து ஐந்து ரூபாய் ட்யூபை எடுத்து ஒரு சொட்டு விட்டு, ஸ்டட்டை வைத்து அழுத்தினார். அடுத்த நொடி விரலை வெடுக்கென்று இழுத்து உதறினார். துணியிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. "எப்பவும் இப்படித்தான் சுடுமுங்க, பழகிருச்சு" என்றார்.

இது பழகிக்கொள்ளக் கூடாத சூடு. அந்த ட்யூப் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் உள்ளே இருப்பது சயனோஅக்ரிலேட். அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக் 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு. ஈரம் பட்டதும் இறுகுவது அதன் குணம். இறுகும்போது சூட்டை வெளிவிடும். இரும்பின் மேலோ பிளாஸ்டிக்கின் மேலோ ஒரு சொட்டு வைத்தால் அந்தச் சூடு நமக்குத் தெரியாது. பருத்தி, சாதாரண நாளிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும் சரக்கு. சொட்டை நொடியில் உறிஞ்சி அத்தனை இழைகளிலும் பரப்பிவிடும். முழுச் சொட்டும் ஒரே சமயத்தில் இறுகுவதால் சூடும் மொத்தமாகக் கிளம்பும். தோல் பொத்துப்போகும் அளவுக்குச் சுடும். பருத்தித் துணியில் பிழைக்கும் ஊரில், இந்த ஒரு விஷயம் ஒவ்வொரு செக்கிங் மேசைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

துணிக்கும் நல்லதில்லை. பசை ஊறிய இடம் பொருக்குத் தட்டியதுபோல் கெட்டியாகிவிடும். கருப்புத் துணியென்றால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பனியன் துணி இழுத்தால் நீளும். இறுகிய பசை நீளாது. நேராக இழுக்கும் விசையைத் தாங்குகிற இந்தப் பசை, ஓரத்திலிருந்து உரித்தால் சட்டென்று விட்டுவிடும். உடுத்திக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டட்டின் ஓரம் அப்படித்தான் உரிபடுகிறது.

சிற்றளவு ரயில், கப்பல் மாதிரி செய்கிறவர்களுக்கு இதே பசை பெரிய துணை. அரிசியளவுப் பித்தளைக் கைப்பிடியை ஒட்ட அவர்கள் ட்யூபை நேராகச் சாய்ப்பதில்லை. ஊசிக் காதின் முனையை வெட்டிக் கவட்டை போலாக்கி, அதில் நிற்கும் துளியை மட்டும் இடுக்கில் தொட்டு வைப்பார்கள். உலோகத்தை முதலில் நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்திருப்பார்கள். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும். (ஊசி வெட்டும் வேலையை புரொடக்ஷன் ஹாலில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். உடைந்த ஊசிக்குக் கணக்கு எழுதுகிற இடம் அது.) ஆனால் அவர்கள் ஒட்டுவது அசையாத பொருளில், உலோகத்தோடு உலோகத்தை. நாம் ஒட்டுவதோ நீளும், நனையும், அயர்ன் ஆகும் துணியில். ஸ்டட் எதனால் ஆனது என்று பார்த்துப் பசை தேடுகிறோம். பார்க்க வேண்டியது துணியை.

அந்த மயிலுக்கே வருகிறேன். மேசை இடுக்கில் கிடந்த வேறொரு ஸ்டட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில், பிரஸ் சூட்டில் உருகி ஒட்டும் ஹாட்ஃபிக்ஸ் பசை வட்டம் முழுசாக, பளபளவென்று இருந்தது. அதில் ஒரு இழைகூட ஒட்டியிருக்கவில்லை. பசை உருகியிருக்கிறது, உலோகத்தைப் பிடித்திருக்கிறது, துணிக்குள் இறங்கவில்லை. உதிரும் ஒவ்வொரு ஸ்டட்டும் தன் கதையை இப்படி அடியில் எழுதி வைத்திருக்கிறது. பசையில் பஞ்சு இழை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் ஒட்டு சரி, இழுத்த விசைதான் அதிகம். பசை துணியிலேயே தங்கி, உலோகம் மட்டும் வழித்துவிட்டதுபோல் வந்திருந்தால் குறை ஸ்டட்டில்: எண்ணெய்ப் பிசுக்கோ, மேல்பூச்சோ. பசை வட்டம் சுத்தமாக ஸ்டட்டோடு வந்திருந்தால், சூடும் அழுத்தமும் போதவில்லை, அல்லது துணி பசையை ஏற்கவில்லை.

இங்கே பிரஸ் சரியாகத்தான் இருந்தது. 160 டிகிரி, 15 நொடி. சூடு காட்டும் பட்டையைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தோம். டயலில் இருந்ததற்கும் தட்டில் இருந்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை. (பல யூனிட்களில் மூலைகள் சூடு குறைந்தே இருக்கும். இந்தச் சோதனையை எல்லோரும் செய்துவிடுங்கள்.) துணியைக் கையில் எடுத்தால் வெண்ணெய்போல் வழுக்கியது. சாயப்பட்டறையில் கடைசி பாத்தில் போட்ட சிலிக்கான் சாஃப்ட்னர். பயர் விரும்பும் அந்த வழவழப்பு இழையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உருகிய பசையை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம், உறிஞ்சாமல் உருண்டு நின்றது. தண்ணீரை உறிஞ்சும் வகை சிலிக்கானும் உண்டு என்பதால் இதை முழுச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. உருண்டு நின்றால் மட்டும் உஷாராகிவிடலாம்.

ஆக, குறை அந்த ஒரு கண்ணில் இல்லை. மயில் முழுவதுமே துணியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரண்டு துவைப்பில் பாதி தோகை போய்விடும். ட்யூபால் ஒட்டிய சொட்டு, அந்த லாட்டே நமக்குக் கொடுத்த எச்சரிக்கையை மறைத்துவிட்டது. அதனால்தான் இந்த ட்யூப் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

யூனிட் ஓனர் என் முன்னாலேயே டெலிவரி சலானை எடுத்துக் காட்டினார். பீஸ் எண்ணிக்கை இருந்தது. சைஸ், கலர், ஸ்டைல் நம்பர் இருந்தன. துணியில் என்ன ஃபினிஷ் என்ற வரி இல்லை. ஒட்டுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம், ஒட்டுகிறவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ரிஜெக்ஷன் வந்தால் பில்லில் பிடிப்பது மட்டும் அவரிடம். இது நியாயமில்லை என்பதை எக்ஸ்போர்ட் கம்பெனி நண்பர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். ஸ்டோன் ஒர்க் வரும் ஸ்டைல் என்று தெரிந்தால், சாம்பிள் கட்டத்திலேயே சாயப்பட்டறையிடம் சொல்லி சிலிக்கான் இல்லாத சாஃப்ட்னர் கேட்பது மெர்ச்சண்டைசரின் வேலை. பாலியஸ்டர் கலப்பு என்றால் அதையும் எழுத வேண்டும். பிரஸ் சூட்டில் சாயம் கிளம்பிப் பக்கத்துத் துணியில் ஏறிவிடும்.

ஒன்றிரண்டு உதிர்ந்ததை மறுபடி வைக்க ஹாட்ஃபிக்ஸ் பேனா இருக்கிறது. முனை மட்டும் சூடாகி ஒரே ஸ்டட்டைப் பிடித்து வைக்கும் கருவி. முதலில் வைத்த அதே பசை, அதே நெகிழ்வு. செக்கிங் மேசையில் இருக்க வேண்டியது அதுதான்.

குழந்தை உடுப்பு வேறு கணக்கு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை எதையும் வாயில் வைக்கும், 3 மில்லிமீட்டர் உலோகம் தொண்டைக்குள் போக ஒரு நொடி போதும். 70, 90 நியூட்டன் என்று பயர்கள் கேட்கும் இழுவைச் சோதனையை, அதாவது ஏழு, ஒன்பது கிலோ தொங்கவிட்டது போன்ற விசையை, பசைப் புள்ளியால் மட்டும் நிற்கும் சின்ன ஸ்டட் தாங்கும் என்று நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். அந்த டிசைனைப் பிரிண்டாகவோ எம்பிராய்டரியாகவோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்காக ஆர்டர் போனாலும் போகட்டும்.

அந்த மயில் லாட்டை அன்று பேக்கிங்குக்கு அனுப்பவில்லை. ஐந்து பீஸ் துவைத்துப் பார்த்தார்கள், மூன்றில் உதிர்ந்தது. கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஜாப் ஒர்க் எடுப்பவர்கள், செக்கிங் இழுப்பறையில் இருக்கும் ட்யூப்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். துணி கொடுத்து அனுப்புபவர்கள், அடுத்த சலானிலிருந்து "சிலிக்கான் ஃபினிஷ்: உண்டு / இல்லை" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.